ஸ்கேன் கேன்சர் என்கிறது, பயாப்சி இல்லை என்கிறது: எதை நம்புவது?

கேள்வி: "என் அக்காவுக்கு 39 வயது. இடது மார்பின் மேல்பக்கம், நெஞ்செலும்பை ஒட்டி ஒரு கெட்டியான கட்டி. அதற்கு மேலே தோல் லேசாகக் குழி விழுந்திருக்கிறது. மேமோகிராமில் பைராட்ஸ் 5, புற்றுநோயாக இருக்க மிக அதிக வாய்ப்பு என்று எழுதிவிட்டார்கள். வீடே இடிந்து போனது. பத்து நாள் கழித்து வந்த பயாப்சி ரிப்போர்ட் 'கிரானுலார் செல் ட்யூமர், கேன்சர் இல்லை' என்கிறது. சந்தோஷப்படுவதா, சாம்பிள் மாறிப் போயிருக்குமோ என்று பயப்படுவதா? வேறு ஆஸ்பத்திரிக்குப் போய் முதலிலிருந்து எல்லாம் எடுக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள்."

பதில்:

முதலில் ஒன்று. இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியும். இந்தக் கட்டியின் விஷயத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஸ்கேன் பார்த்தவர் தப்புச் செய்யவில்லை, ஸ்லைடு பார்த்தவரும் தப்புச் செய்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் நிம்மதியாக உட்காருவதற்கு முன் சரிபார்க்க வேண்டிய இரண்டு மூன்று விஷயங்கள் உண்டு. நான் மைக்ராஸ்கோப் பக்கம் வேலை செய்கிறவன். அங்கிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

பைராட்ஸ் என்பது அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி வகுத்த எண் முறை. படத்தில் தெரிவதை வைத்து, அது புற்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று எல்லா ஊர் டாக்டர்களும் ஒரே மொழியில் பேசிக்கொள்வதற்காக ஏற்பட்டது. 3 என்றால் நூற்றுக்கு இரண்டோ அதற்குக் குறைவோ. 4 என்பது அகலமான வகை, இரண்டுக்கு மேலிருந்து தொண்ணூற்றைந்து வரை. 5 என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தோ அதற்கு மேலோ. இந்தக் கடைசி எண்ணைக் கேட்டவுடன் யாருக்கும் கை கால் ஓடாது, அது இயல்பு. ஆனால் அந்த எண்ணுக்குள்ளேயே புற்று இல்லாத சிலருக்கு இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தச் சிலர் யார் என்பதுதான் உங்கள் கேள்விக்கான விடை.

மேமோகிராம் செல்லைப் பார்ப்பதில்லை. எக்ஸ்ரே எங்கே தடைபட்டது, தடைபட்ட இடத்தின் விளிம்பு எப்படி இருக்கிறது என்று மட்டுமே அது காட்டும். இளம் பெண்களுக்குச் சாதாரணமாக வரும் ஃபைப்ரோஅடினோமா புளியங்கொட்டை மாதிரி வழவழப்பான விளிம்போடு தெரியும். மார்பகப் புற்று பெரும்பாலும் நெருஞ்சி முள் மாதிரி, நடுவே அடர்த்தியாகவும் சுற்றிலும் கூர் கூராகவும் தெரியும். அந்த முட்கள் எல்லாமே புற்றுச் செல்கள் அல்ல. புற்றுச் செல்கள் பக்கத்துத் திசுவைச் சீண்டிச் சீண்டி அங்கே தழும்பு மாதிரி நார் வளரச் செய்கின்றன. அந்த நார் சுருங்கும்போது சுற்றியுள்ள கொழுப்பை இழுக்கிறது, தோலையும் இழுக்கிறது. படத்தில் முள்ளாகவும், கண்ணுக்குத் தோலில் குழியாகவும் தெரிவது இந்த இழுப்புதான்.

அப்படியானால், வேறு ஏதாவது ஒன்று இதே மாதிரி நாரை வளர்த்து இதே மாதிரி இழுத்தால்? படம் அப்படியே புற்று மாதிரிதான் இருக்கும். கிரானுலார் செல் கட்டி செய்வது அதைத்தான். அதற்கு உறை கிடையாது. செல்கள் கொத்துக் கொத்தாகக் கொழுப்புக்குள்ளும் நாருக்குள்ளும் ஊடுருவி நிற்கும். சில சமயம் கீழே மார்புத் தசையின் உறையோடு ஒட்டிக்கொள்ளும். கையால் தொட்டால் கல் மாதிரி இருக்கும், நகராது. அல்ட்ராசவுண்டில் கட்டிக்குப் பின்னால் கறுப்பு நிழல் விழும், ஏனென்றால் அடர்ந்த நார் ஒலி அலையை விழுங்கிவிடுகிறது. பெட் ஸ்கேனில்கூடச் சில கட்டிகள் சர்க்கரையை இழுத்து ஒளிரும். அனுபவமுள்ள சர்ஜனின் விரல், மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் மூன்றையும் ஒரே நேரத்தில் ஏமாற்றக்கூடிய கட்டி இது. பைராட்ஸ் 5 போட்ட ரேடியாலஜிஸ்ட் மேல் கோபப்படாதீர்கள். அந்தப் படத்துக்கு அவர் 3 போட்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இந்தக் கட்டியின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருத்துவர்களையே இது பல காலம் குழப்பியிருக்கிறது. 1926 இல் இதை முதலில் தெளிவாக விவரித்தவர் ரஷ்ய நோயியல் அறிஞர் அலெக்ஸி அப்ரிகோசாஃப். 1924 இல் லெனின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்தவரும் இவரே. நாக்கில் வந்த கட்டிகளைப் பார்த்து, இவை தசையாகும் இளம் செல்களிலிருந்து வந்தவை என்று நினைத்தார். அதனால் பல பத்தாண்டுகள் இதற்கு 'மயோபிளாஸ்டோமா' என்று பெயர். 1931 இல் மார்பகத்திலும் இது வருவதை அவரே எழுதினார். 1946 இல் நியூயார்க்கின் ஹாகென்சனும் ஸ்டவுட்டும் மார்பகத்துக் கட்டிகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதினார்கள், புற்று என்று ஏமாந்துவிடாதீர்கள் என்பதற்காக.

தசை என்பது தவறு என்று பின்னால் தெரிந்தது. நரம்பைச் சுற்றிப் போர்வைபோல் இருக்கும் ஷ்வான் செல்களின் வகையைச் சேர்ந்தது இது. நாக்கு, தோல், உணவுக்குழாய், குரல்வளை என்று நரம்பு போகிற எங்கும் வரலாம். மார்பகத்தில் வருவது மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு வரைதான். மார்பகத்திலும், காறை எலும்புக்கு மேலிருந்து இறங்கி வரும் தோல் நரம்புகள் பரவியிருக்கும் மேல் உள்பக்கத்தில் அதிகம் பார்க்கிறோம். சாதாரண மார்பகப் புற்று அக்குள் பக்கமுள்ள மேல் வெளிப்பகுதியில்தான் அதிகம் வரும். அக்காவின் கட்டி நெஞ்செலும்பை ஒட்டி என்று எழுதியிருக்கிறீர்கள். இடத்தை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது, ஆனால் கேட்டதும் என் மனதில் ஒரு புள்ளி விழுந்தது.

'கிரானுலார்' என்ற பெயருக்குக் காரணமான, செல்லுக்குள் நிறைந்திருக்கும் குருணைகள் என்ன என்பதற்கு 2018 இல் அழகான ஒரு விளக்கம் கிடைத்தது. ஒவ்வொரு செல்லிலும் லைசோசோம் என்று ஒரு குப்பைக்கிடங்கு உண்டு. உள்ளே அமிலம் இருந்தால்தான் குப்பை செரிக்கும். அந்த அமிலத்தைப் பம்ப் செய்யும் அமைப்புக்குத் தேவையான ஏ.டி.பி.6.ஏ.பி.1, ஏ.டி.பி.6.ஏ.பி.2 என்ற இரண்டு மரபணுக்களில் ஒன்று பெரும்பாலான கிரானுலார் செல் கட்டிகளில் பழுதாகியிருக்கிறது. அமிலம் குறைகிறது, குப்பை செரிக்காமல் தேங்குகிறது. மைக்ராஸ்கோப்பில் ரவையைக் கொட்டி வைத்த மாதிரி செல் முழுக்கத் தெரிவது அந்தத் தேக்கம்தான். ஒரு முறை சரியாகப் பார்த்துவிட்டால் மறக்காது.

சரி, இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன்.

ஸ்கேனும் பயாப்சியும் வேறு வேறு சொல்லும்போது எது பெரியது என்று கேட்கக் கூடாது. பயாப்சி சொல்லும் பெயர், ஸ்கேனில் தெரிந்த படத்தை விளக்குகிறதா என்று கேட்க வேண்டும். நல்ல மருத்துவமனைகளில் ரேடியாலஜிஸ்டும் நோயியல் டாக்டரும் ஒவ்வொரு கேஸையும் எதிரெதிரே வைத்து இதைத்தான் பார்ப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் 'சாதாரண மார்பகத் திசு' என்றோ 'ஃபைப்ரோஅடினோமா' என்றோ வந்திருந்தால், சந்தோஷப்படாதீர்கள், உடனே மறுபடி ஊசி போடச் சொல்லுங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். புளியங்கொட்டை மாதிரி இருக்க வேண்டிய ஃபைப்ரோஅடினோமாவுக்கு இத்தனை முள் எங்கிருந்து வந்தது? அந்தப் பெயர் படத்தை விளக்கவில்லை. ஊசி கட்டியைத் தவறவிட்டுப் பக்கத்தில் குத்தியிருக்கும் என்று அர்த்தம். கேன்சர் இல்லை என்று வந்துவிட்டதே என்று அந்த இடத்தில் நின்றுவிட்டு, ஆறு மாதம் கழித்து வளர்ந்த புற்றோடு வருகிறவர்கள் உண்டு. என்னை மிகவும் வருத்தும் கேஸ்கள் அவைதான். அங்கே தடுமாற்றம் ஊசியில் மட்டும் நடப்பதில்லை, இரண்டு காகிதங்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆளில்லாமல் போவதிலும் நடக்கிறது.

'கிரானுலார் செல் கட்டி' என்ற பெயர் அப்படி அல்ல. முள்ளை விளக்குகிறது. நிழலை விளக்குகிறது. கல் மாதிரி இருப்பதையும் தோலில் விழுந்த குழியையும் விளக்குகிறது. சாம்பிள் மாறியிருக்குமோ என்ற சந்தேகத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஆயிரம் மார்பகப் புற்றுக்கு ஒன்று என்கிற அளவில் வரும் கட்டி இது. வேறொருவரின் சாம்பிள் தவறிப்போய் உங்கள் அக்கா பெயரில் ஒட்டப்பட்டு, அது இந்த அபூர்வக் கட்டியாகவும் இருந்து, அக்காவின் படத்தோடும் இருக்கும் இடத்தோடும் அச்சாகப் பொருந்திப் போவது நடக்கக்கூடிய காரியமாகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். இந்தக் கட்டி புற்றுபோல் வேஷம் போடுவது போலவே, சில புற்றுகள் இந்தக் கட்டிபோல் வேஷம் போடும். வியர்வைச் சுரப்பிச் செல் போன்ற செல்களால் ஆன அபோக்ரைன் வகைப் புற்றும், லோபுலார் என்ற மார்பகப் புற்றில் ஒரு வகையும் குருணை நிறைந்த பெரிய இளஞ்சிவப்புச் செல்களோடுதான் இருக்கும். அதனால் வெறும் சாதாரணச் சாயத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைத்துவிடக் கூடாது. ரிப்போர்ட்டில் ஐ.எச்.சி. என்ற தலைப்பு இருக்கிறதா பாருங்கள். செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று தனித்தனிச் சாயங்களால் பார்க்கும் சோதனை அது, இனி வரும் பெயர்கள் அந்தப் புரதங்களுடையவை. எஸ்-100 பாசிட்டிவ் என்று இருக்க வேண்டும். சாக்ஸ்-10 செய்திருந்தால் அதுவும் பாசிட்டிவாக இருக்க வேண்டும். சைட்டோகெரட்டின், சுருக்கமாகக் கெரட்டின், நெகட்டிவாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். மார்பகப் புற்று பால் சுரப்பியின் உட்பூச்சிலிருந்து வருவது, அதில் கெரட்டின் இருக்கும். நரம்புப் போர்வையிலிருந்து வந்த கட்டியில் இருக்காது. சி.டி.68 பாசிட்டிவ் என்று இருந்தால் குழம்ப வேண்டாம், லைசோசோம் நிறைந்த எந்தச் செல்லும் அந்தச் சாயத்தைப் பிடிக்கும். எஸ்-100 சில மார்பகப் புற்றிலும் பாசிட்டிவாக வரும், ஆகவே அது மட்டும் போதாது. மார்பகப் புற்றில் வழக்கமாகத் தேடும் இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமும் இந்தக் கட்டியில் நெகட்டிவ்தான். கெரட்டின் பார்க்காமல் புற்று என்று முடிவு செய்துவிட்டால், காகிதத்தில் இது, இந்த மூன்றும் இல்லாத 'ட்ரிபிள் நெகட்டிவ்' மார்பகப் புற்றாகவே தெரியும். அப்புறம் எங்கே போய் முடியும் என்று நினைத்தாலே பதறுகிறது.

ஐ.எச்.சி. செய்யவில்லை என்றால், புதிதாக ஊசி போடத் தேவையில்லை. எடுத்த திசு மெழுகுக் கட்டியில் பத்திரமாக இருக்கும், அதை பிளாக் என்போம். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கி, மார்பக நோயியலில் பழக்கமுள்ள இன்னொரு டாக்டரிடம் பார்க்கக் கொடுங்கள். உறவினர்கள் சொல்வதுபோல் மேமோகிராமிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எடுப்பதைவிட இது செலவும் குறைவு, பலனும் அதிகம். செகண்ட் ஒபினியன் என்றால் இரண்டாவது ஊசி என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே தேவைப்படுவது இரண்டாவது ஜோடிக் கண்கள்.

அக்காவுக்குச் செய்தது எந்த ஊசி என்று எழுதவில்லை. மெல்லிய ஊசியால் செல்லை உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. மட்டும் என்றால், அதை வைத்து இந்தப் பெயரை நான் முழுதாக நம்ப மாட்டேன். உதிரிச் செல்கள் அபோக்ரைன் செல் மாதிரியும் இருக்கும், திசுவில் குப்பை பொறுக்கும் செல் மாதிரியும் இருக்கும். இழை இழையாகத் திசுவை வெட்டி எடுக்கும் ட்ரூகட் பயாப்சி என்றால்தான் மற்ற சாயங்களையும் நன்றாகப் போட்டுப் பார்க்க முடியும்.

ஒரு காலத்தில் இந்த வசதி இல்லை. பெண்கள் என்ன நோய் என்று தெரியாமலே ஆபரேஷன் தியேட்டருக்குள் போவார்கள். கட்டியை எடுத்து, உறையவைத்து, சில நிமிடங்களில் பார்த்து, புற்று என்று சொல்லிவிட்டால் மயக்கத்திலேயே மார்பகத்தை முழுவதும் எடுத்துவிடுவார்கள். கிரானுலார் செல் கட்டிக்காக மார்பகத்தை இழந்த பெண்கள் மருத்துவ இதழ்களின் பக்கங்களில் இருக்கிறார்கள். நாக்கில் வரும்போது இன்னொரு விதமான ஏமாற்று. கட்டிக்கு மேலே இருக்கும் தோல் படலம் தடித்துக் கீழ்நோக்கி வேர் விட்ட மாதிரி வளரும். மேலாக மட்டும் சுரண்டி எடுத்த பயாப்சியில் அது அப்படியே ஸ்குவாமஸ் என்ற தோல்படலப் புற்று மாதிரி தெரியும், அடியில் இருக்கும் உண்மையான கட்டி சாம்பிளிலேயே வந்திருக்காது. அதனால் 'பயாப்சி பொய் சொல்லாது' என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். போதுமான ஆழத்திலிருந்து, சரியான இடத்திலிருந்து எடுத்திருக்க வேண்டும்.

அடுத்து என்ன செய்வார்கள்? பெரும்பாலும் கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல திசுவோடு சேர்த்து எடுத்துவிடச் சொல்வார்கள். அது சரியான யோசனை. உறையில்லாத கட்டி என்பதால் ஒட்டி எடுத்தால் விளிம்பில் செல்கள் தங்கிவிடும், அதே இடத்தில் திரும்ப வளரலாம். மார்பகத்தை எடுக்கத் தேவையில்லை. அக்குள் நெறிக்கட்டிகளை எடுக்கத் தேவையில்லை. கீமோ, ரேடியேஷன் எதுவும் தேவையில்லை. இவற்றில் எதையாவது யாராவது சொன்னால், ஏன் என்று உட்கார்ந்து கேளுங்கள்.

எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கட்டிகளில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவானவை உண்மையிலேயே கெட்டவை, மற்ற உறுப்புகளுக்குப் பரவக்கூடியவை. அவற்றை அடையாளம் காண 1998 முதல் ஆறு அடையாளங்களைப் பார்க்கிறோம்: செத்த திசு, கதிர் மாதிரி நீண்ட செல்கள், உள்ளே பெரிய புள்ளியாகத் தெரியும் நியூக்ளியோலஸோடு கூடிய உப்பிய உட்கரு, செல் பிரிதல் அதிகமாக இருப்பது, செல்லை நிறைக்கும் அளவுக்கு உட்கரு பெருத்திருப்பது, செல்லுக்குச் செல் உருவம் மாறுவது. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் கெட்டது. ட்ரூகட்டில் வந்த நூல் மாதிரித் துண்டில் இந்த ஆறையும் தேடிப் பார்த்து முடிக்க முடியாது. முழுக் கட்டியும் கையில் வந்தால்தான் நிம்மதியாக எழுத முடியும். அக்காவின் கட்டி மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்து, வேகமாக வளரவில்லை என்றால், நான் அதிகம் கவலைப்பட மாட்டேன்.

இதே வேஷம் போடும் வேறு சில நோய்களும் உண்டு. நம் ஊரில் இவற்றில் சில கிரானுலார் செல் கட்டியைவிட அதிகமாகவே வருகின்றன. பிள்ளை பெற்று சில வருடங்களில் வரும் கிரானுலோமட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்ற மார்பக அழற்சி, மார்பகத்தில் வரும் காசநோய், அடிபட்ட இடத்தில் கொழுப்பு செத்துப் போவது, பல வருடம் இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் கெட்டித் தடிப்பு. உலகக் காசநோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேர் இந்தியாவில் இருப்பதால், மார்பில் கட்டி என்று வந்தால் அதையும் மனதில் வைத்துத்தான் ஸ்லைடைப் பார்க்கிறோம். டெஸ்மாய்டு என்று இன்னொன்று, எங்கும் பரவாது, ஆனால் இருக்கும் இடத்தில் பிடிவாதமாகத் திரும்ப வரும். சிறுநீரகத்தில் ஆன்கோசைட்டோமா, அங்கே எடுக்கப்படும் கட்டிகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு வரை. படத்தை மட்டும் வைத்து அதைப் புற்றிலிருந்து நிச்சயமாகப் பிரிக்க முடியாததால் நல்ல கட்டிக்காகச் சிறுநீரகத்தின் ஒரு பகுதியை இழந்தவர்கள் பலர்.

ஒன்றைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே பாடம் தலைகீழ். கால்பந்து விளையாடும் பையனுக்குத் தொடையில் பலமாக அடிபடுகிறது. சில வாரத்தில் தசைக்குள் கெட்டியாக ஒரு கட்டி, எம்.ஆர்.ஐ.யில் பயங்கரமாகத் தெரியும். மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ், அடிபட்ட தசையில் எலும்பு வளர்வது. முதல் சில வாரங்களில் அவசரப்பட்டு அதன் நடுவிலிருந்து பயாப்சி எடுத்தால், துடிப்பாகப் பிரியும் இளம் செல்கள்தான் வரும், அனுபவம் குறைந்த கண்ணுக்கு எலும்புப் புற்று என்றே தோன்றும். அங்கே ஊசியைவிடக் காலம் நன்றாகச் சொல்லும். ஆறு முதல் எட்டு வாரத்தில் எடுத்த எக்ஸ்ரேயிலோ சி.டி.யிலோ வெளி ஓரத்தில் முட்டை ஓடு மாதிரி எலும்பு படிந்து நடுப்பகுதி வெறுமையாக இருந்தால் அது நல்ல கட்டி. எலும்புப் புற்றில் இது நேர்மாறு, நடுவில்தான் எலும்பு அதிகம். அடிபட்ட விவரத்தை ரேடியாலஜிஸ்டிடம் யாரும் சொல்லாமல் போவதால் இதில் நடக்கும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. ஸ்கேனுக்குப் போகும்போது பழைய அடி, ஆபரேஷன், சர்க்கரை, காசநோய், பிரசவம் எல்லாவற்றையும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் இப்போது செய்ய வேண்டியது: ரிப்போர்ட்டில் ட்ரூகட் என்றும், கெரட்டின் நெகட்டிவ் என்றும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பிளாக்கை வாங்கிக் காட்டுங்கள். மேமோகிராம் எடுத்த டாக்டரிடம் பயாப்சி ரிப்போர்ட்டைக் கொண்டுபோய், இது படத்தோடு ஒத்துப்போகிறதா என்று நேராகக் கேட்டு, அவர் பதிலை எழுதி வாங்குங்கள். மற்ற மார்பின் படத்தையும் முழுதாகப் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். சிலருக்கு இந்தக் கட்டி ஒன்றுக்கு மேல் இருக்கும், அபூர்வமாக இதன் கூடவே தனியாக ஒரு புற்றும் இருந்திருக்கிறது. ஆபரேஷன் தேதியை அவசரமாக நாளைக்கே வைக்க வேண்டியதில்லை, மாதக்கணக்கில் தள்ளவும் வேண்டாம்.

முழுக் கட்டியும் எடுத்த பிறகு கடைசி ரிப்போர்ட் வரும். அதில் வெட்டிய விளிம்பைப் பற்றி 'மார்ஜின்' என்று ஒரு வரி இருக்கும், செல் பிரிதல் எண்ணிக்கை என்று ஒரு வரி இருக்கும். அந்த இரண்டு வரியையும் அப்படியே எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.